கை எடுத்தாலும் நேரே பறக்கவேண்டும்

ஹேர்னிங், டென்மார்க்
12.01.2025

அன்புள்ள தம்பி ரதீசுக்கு,

அண்ணன் கதிர்காமத்தம்பி எழுதுவது. நான் சுகம். குரல் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் ஒழுங்காக வேலை செய்கிறது. நீயும் உன் மனைவி மேனுகாவும் தங்கச்சி சீதேவியும் சுகமென்று நம்புகிறேன். உங்கள் எல்லோருக்கும் பொங்கல் வாழ்த்து.

தொண்டை ஒப்பரேசனுக்குப் பிறகு நீ போன் எடுக்கும்போதெல்லாம் நான் திரையில் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருப்பது எனக்கு வெட்கமாயிருக்கிறது. அதனால்தான் இப்படிக் கையால் எழுதிப் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். நீயும் அப்படியே எழுது. இரண்டு சொல்லும் ஒரு மஞ்சள் மூஞ்சியும் வந்தால் பதில் போடமாட்டேன், சொல்லிவிட்டேன்.

விசயத்துக்கு வருகிறேன். எங்கள் மாதிரி விமானக் கழகத்து வீடியோவைப் பார்த்துவிட்டு "அண்ணா, எனக்கும் ஒண்டு" என்று நச்சரித்தாயே, அனுப்பிவிட்டேன். ஸ்பிட்ஃபயர். இரண்டாம் உலகப்போரில் பறந்த போர்விமானத்தின் மாதிரி. ரெஜிபோம் உடல், மின்மோட்டார், ரிமோட் எல்லாம் பெட்டிக்குள் இருக்கிறது. பெட்டரியை மட்டும் தபாலில் விடமாட்டார்கள், கொழும்பில் வாங்கு.

பேச்சுத் தேவைப்படாத ஒரே இடம் எனக்கு அந்தக் கழகம்தான். அங்கே எல்லோரும் வானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்தச் சந்தோசம் உனக்கும் கிடைக்கட்டும். அவசரப்படாமல் பூட்டு. உன் அவசரம் எனக்குத் தெரியும்.

அன்புடன்,
அண்ணன்


பனிச்சங்கேணி
09.02.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

தம்பி ரதீஸ். இங்கே எல்லோரும் சுகம், உங்கள் சுகத்துக்கு அம்மன் துணை. மழை விட்டுவிட்டது. வயல் வட்டையில் நெல்வெட்டுத் தொடங்கியாயிற்று. வெட்டு முடிந்தால்தான் கோயில் திருவிழாக்கள் வரும், எனது சவுண்ட் சேர்விசுக்கும் சோறு வரும்.

பெட்டி வந்தது என்று ஒரு வரியில் எழுதலாம். ஆனால் அது வந்த கூத்தை நீங்கள் கேட்கவேண்டும். சுங்கத்தில் உடைத்துப் பார்த்துவிட்டுப் போன் எடுத்தார்கள். "இது என்ன சாமான்?" என்றார் ஒருவர். "விளையாட்டுப் பிளேன் சேர்" என்றேன். "விளையாட்டுப் பிளேனுக்கு ஏன் துவக்கு?" என்று கேட்டார். இறக்கையில் கீறியிருக்கிற பீரங்கிக் குழாய்களைச் சொல்கிறார்! கிராம சேவகரிடம் ஒரு கடிதம், பொலிசில் ஒரு கடிதம், மறுபடியும் கிராம சேவகர் என்று அலைந்தேன். கடைசியில் பொலிஸ் ஐயாவே "பறக்க விடக்குள்ள எனக்கும் சொல்லுங்க" என்றார்.

இப்போது அது என் ஸ்பீக்கர்களுக்கு நடுவே மேசையில் நிற்கிறது. சீதேவி அக்கா தினமும் பாலர் பாடசாலையில் படிப்பித்துவிட்டு வரும்போது எட்டிப் பார்ப்பா. இறக்கை ஒட்டின நாள் பசை காயும்வரை அவதான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றா. "நாப்பது வயசுக் கிழவனுக்கு விளையாட்டுச் சாமான். இதப் புடிச்சிட்டு நிக்கிறதுக்கு ஒரு விசரி" என்று பேச்சு வேறு.

ஒரு சிக்கல். ரிமோட்டில் வலப்பக்கம் தள்ளினால் இறக்கைத் தட்டு இடப்பக்கம் கிறுகுகிற மாதிரி அசைகிறது. இப்படியே பறக்க விட்டுப் பழகலாமா?

உங்கள் தம்பி
ரதீஸ்


ஹேர்னிங்
16.02.2025

அன்புள்ள தம்பிக்கு,

நலம். உங்கள் எல்லோரின் நலமும் இப்படியே இருக்கட்டும். இங்கே பனி, மைதானம் மூடிக் கிடக்கிறது.

பழகலாமா என்று கேட்கிறாயே, பழகுவதற்கு முதலே விமானம் மண்ணுக்குள் போய்விடும்! ரிமோட்டில் திசை மாற்றும் இடம் இருக்கிறது, தேடி மாற்று. விமானத்தின் வால்பக்கம் நின்றுகொண்டு பார். வலப்பக்கம் தள்ளினால் வல இறக்கைத் தட்டு மேலே எழும்பவேண்டும். ரிமோட்டின் ஸ்டிக்கை உன்பக்கம் இழுத்தால் வால் தட்டு மேலே எழும்பி மூக்கு உயரும். முன்னுக்குத் தள்ளினால் மூக்கு கீழே போகும். ஒவ்வொரு முறையும் பறக்க விடமுன் இதைப் பார்க்கவேண்டும். அதை நான் இருபது வருசமாகச் செய்கிறேன், இன்னும் அலுக்கவில்லை.

அடுத்தது சமநிலை. இறக்கைக்கு அடியில் அடையாளம் போட்டிருக்கிற இடத்தில் இரண்டு விரலால் தூக்கிப்பிடி. மூக்கு ஒரு சொட்டுக் கீழே சாயவேண்டும். வால் சாய்ந்தால் பெட்டரியை முன்னுக்குத் தள்ளு.

பிறகுதான் ட்ரிம். நல்ல உயரத்துக்குக் கொண்டுபோய், பாதி வேகத்தில் நேரே விட்டுவிட்டு ஸ்டிக்கிலிருந்து கையை எடு. எந்தப் பக்கம் சரிகிறது என்று பார். இடப்பக்கம் சரிந்தால் ஸ்டிக்குக்குப் பக்கத்திலிருக்கும் சின்னப் பொத்தானை வலப்பக்கம் தட்டு. மறுபடி கையை எடு. இப்படியே ஒவ்வொரு தட்டாக. ட்ரிம் பிடித்த விமானம் என்றால், கை எடுத்தாலும் நேரே பறக்கவேண்டும். நீ விடுகிற பிழையைத் தவிர அதற்கென்று ஒரு பிழை இருக்கக்கூடாது.

ஆள்களின் தலைக்கு மேலே ஒருநாளும் விடாதே. பசை பிடித்து நின்றதற்கு சீதேவிக்கு என் நன்றியைச் சொல்.

அண்ணன்


பனிச்சங்கேணி
09.03.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

எல்லோரும் சுகம். நான் சுகத்துக்கும் மேலே!

பறந்துவிட்டது அண்ணா! வெட்டு முடிந்த வட்டையில் காலை வெள்ளென, காற்று எழும்ப முதல் போனோம். எறிந்து விடுவதற்கு ஒரு ஆள் வேண்டுமே. மேனுகா வரமாட்டேன் என்றாள், "எனக்குத் தேத்தண்ணி வேலை கிடக்கு" என்றாள். யார் வந்தது என்று நினைக்கிறீர்கள்? அக்கா! சீலையை இடுப்பில் சொருகிக்கொண்டு, வரம்பில் நின்று, ஸ்பிட்ஃபயரைத் தலைக்கு மேல் தூக்கி எறிந்தா. முதல் தரம் இடப்பக்கம் சரிந்து வைக்கோலில் விழுந்தது. "எறிஞ்சது பிழையாடா?" என்று அக்காவுக்குக் கவலை. "இல்லக்கா, ட்ரிம் இல்ல" என்றேன். நீங்கள் எழுதிய மாதிரி ஒவ்வொரு தட்டாகத் தட்டினேன். வால் தட்டுக்கும் இரண்டு தட்டு வேண்டியிருந்தது. போன வெள்ளி கையை எடுத்தேன். களப்புத் தண்ணீர்ப் பக்கமாக நேரே போனது, ஒரு சரிவு இல்லை. நான் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினேன். அக்கா கை தட்டினா. சின்னப் பிள்ளைகளுக்குத் தவிர அவ யாருக்கும் கை தட்டி நான் கண்டதில்லை.

சித்திரை விளையாட்டு விழாவில் இதைப் பறக்க விடுவதாக ஊர் விளையாட்டுக் கழகத்தில் சொல்லிவிட்டேன். வழுக்கு மரம், முட்டி உடைத்தல் எல்லாம் வருசா வருசம் பார்த்ததுதானே. இந்த வருசம் பனிச்சங்கேணி வானத்தில் போர்விமானம்! அக்காவின் பாலர் பாடசாலைப் பிள்ளைகளும் வந்து வரவேற்புப் பாட்டுப் பாடுகிறார்கள்.

ஒரு குறை மட்டும். மின்மோட்டார் என்றபடியால் சத்தமில்லை. நுளம்பு பறக்கிற மாதிரி ஒரு இரைச்சல். சவுண்ட் சேர்விஸ்காரனின் பிளேனுக்குச் சத்தமில்லை என்றால் சனம் என்னை வைத்துச் சிரிக்கும்.

ரதீஸ்


ஹேர்னிங்
20.03.2025

அன்புள்ள தம்பிக்கு,

சுகம். உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். சீதேவி எறிந்தாவா! கழகத்தில் சிலேட்டில் எழுதிக் காட்டினேன், எல்லோரும் சிரித்து மகிழ்ந்தார்கள்.

சத்தத்துக்கா கவலை? இத்துடன் ஒரு ஒலிப்பதிவு அனுப்புகிறேன். தூரத்தில் தொடங்கி, கிட்ட வந்து, தலைக்கு மேலே இரைந்து போகும். கண்காட்சிகளில் நாங்கள் பெரிய ஸ்பீக்கரில் இதைத்தான் போடுவது. கேட்கிறவர்களுக்கு மயிர்க்கூச்செறியும். உன்னிடம் இருக்கிற பெட்டிகளில் போட்டால் உண்மையான விமானம் தோற்றுவிடும். மேனுகாவிடம் போனைக் கொடுத்து நீ கை காட்டும்போது அழுத்தச் சொல்.

வீடியோ எடுத்து அனுப்பு. சித்திரை வாழ்த்துகள்.

அண்ணன்


ஹேர்னிங்
24.04.2025

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் சுகம்தானே? விழா எப்படி நடந்தது? வீடியோ வருமென்று ஒவ்வொரு நாளும் போனைத் திறந்து பார்க்கிறேன். வாழ்த்துச் செய்தி அனுப்பினேன், நீல அடையாளம் விழுந்திருக்கிறது, பதில் இல்லை. சீதேவிக்கு எழுதினேன், அங்கே நீல அடையாளம்கூட இல்லை. வேலை கூடவா?

அண்ணன்


பனிச்சங்கேணி
11.05.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

சுகம். பிந்தியதற்கு மன்னிக்கவும். திருவிழாக் காலம், ஒரே அலைச்சல்.

விழா நடந்தது. பிளேன் பறந்தது. பிறகு கச்சான் காற்று பிடித்து விழுந்துவிட்டது. மூக்கும் ஒரு இறக்கையும் உடைந்துவிட்டன. கட்டி மேலே போட்டிருக்கிறேன். வீடியோ எடுக்க மறந்துபோனோம். அக்கா சுகம். கொஞ்ச நாளாக லீவில் நிற்கிறா.

நீங்கள் இவ்வளவு செலவழித்து அனுப்பியதை உடைத்ததற்கு வெட்கப்படுகிறேன்.

ரதீஸ்


ஹேர்னிங்
18.05.2025

அன்புள்ள தம்பிக்கு,

விமானம் உடைந்ததற்கெல்லாம் யாராவது வெட்கப்படுவார்களா? நான் உடைத்தவற்றை அடுக்கினால் ஒரு விறகுக்கடை வைக்கலாம். கோபமில்லை.

ஆனால் எனக்கு விளங்கவில்லை. காற்றுப் பிடித்த விமானம் இறக்கையால் சரியும், உருளும். மூக்கு உடைந்தது என்கிறாய். மூக்கால் குத்தியதா? வால் தட்டின் கம்பி கழன்றதா? படம் எடுத்து அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.

அதைவிடப் பெரிய கேள்வி. சீதேவி எப்போது லீவு எடுத்தவள்? காய்ச்சல் வந்தாலும் மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறவள். அவளுக்கு என்ன? நீ எழுதுகிற எழுத்து உன் எழுத்து மாதிரியே இல்லை. உன் கடிதத்தில் ஒரு பகிடிகூட இல்லாதது இதுதான் முதல் தரம்.

அண்ணன்


பனிச்சங்கேணி
15.06.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீங்கள் சுகமாயிருக்க வேண்டும். நாங்கள் சுகமாயிருக்கிறோம் என்று இந்தத் தரம் எழுத எனக்கு வாய்—கை வரவில்லை.

நடந்ததை எழுதுகிறேன். பிளேன் மைதானத்தை இரண்டு தரம் சுற்றியது. சனம் ஓவென்று கத்தியது. நான் கை காட்டினேன், மேனுகா சத்தத்தைப் போட்டாள். நாலு மூலையிலும் ஸ்பீக்கர். அந்த நேரம் பார்த்துப் பிளேன் மூக்கைக் கீழே குத்திக்கொண்டு, பாட்டுப் பாடவந்த பிள்ளைகள் இருந்த பக்கம் பாய்ந்தது. அக்கா "படுங்க புள்ளையள்! குப்புறப் படுங்க!" என்று கத்தினா. அண்ணா, யுத்த நேரம் பாலர் பாடசாலையில் அவ அப்படித்தானே பழக்கி வைத்திருந்தா. குண்டு போடவரும் பிளேனின் இரைச்சல் கேட்டால் படுக்கவேண்டும், ஆகச் சின்னதுக்கு மேலே ரீச்சர் படுப்பா. இந்தப் பிள்ளைகளுக்கு அது எங்கே தெரியும்? அதுகள் விழித்துக்கொண்டு இருந்தன. அக்கா பக்கத்திலிருந்த மதுரன் என்ற பொடியனை இழுத்து விழுத்தி, அவனுக்கு மேலே விழுந்து மூடிக்கொண்டா. பிளேன் அவர்களுக்குத் தள்ளி மண்ணில் குத்தியது. அதற்குப் பிறகும் அவ எழும்பவில்லை. சத்தம் ஓடிக்கொண்டிருந்தது. முதல் நாள் மழையில் தரை சேறு. கையால் அந்தச் சேற்றை அளைந்தா.

ஒரு பகுதி சனம் பயந்தது. ஒரு பகுதி சிரித்தது. நான் அறிவிப்பாளர், கழுத்தில் மைக் கொழுவியிருந்தேன். நான் சொன்னேன், "இந்தா பாருங்க, தரையில நீச்சல் போட்டி தொடங்கிட்டு! முதலாம் இடம் நம்மட சீதேவி ரீச்சர்!" என்று. அண்ணா, நான்தான் சொன்னேன். முழுச் சனமும் சிரித்தது. அக்கா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தா. முகம் முழுக்கச் சேறு.

மதுரனுக்குக் கை முறிந்துவிட்டது. கட்டுப் போட்டிருக்கிறார்கள். யாரோ எடுத்த வீடியோ ஊரெல்லாம் சுற்றுகிறது, வாகரைவரை போய்விட்டது. அக்காவை வேலையிலிருந்து யாரும் நிற்பாட்டவில்லை, அவவாகவே பாடசாலைக்குப் போவதில்லை. தாய்மார் முறை வைத்துப் பிள்ளைகளைப் பார்க்கிறார்கள். பாடசாலையை நடத்துகிற சங்கம் வேறு ரீச்சர் தேடப்போவதாகக் கதை. அக்கா என்னோடு பேசுவதில்லை. பக்கத்து வளவில் இருந்துகொண்டு நான் வரும் நேரம் உள்ளே போய்விடுவா.

பிளேன் படம் அனுப்பியிருக்கிறேன். வால் கம்பி கழன்றிருக்கவேண்டும், அல்லது வெயிலில் ட்ரிம் மாறியிருக்கவேண்டும்.

ரதீஸ்


ஹேர்னிங்
22.06.2025

தம்பி,

சுகம் விசாரிக்க எனக்கும் கை வரவில்லை.

அந்தச் சத்தத்தை அனுப்பியவன் நான். அதை முதலில் எழுதிவிடுகிறேன். மயிர்க்கூச்செறியும் என்று வேறு எழுதினேன். நான் எண்பத்தேழில் நாட்டைவிட்டு வெளிக்கிட்டவன். அப்படியொரு சத்தத்துக்குக் கீழே நான் ஒருநாளும் படுத்ததில்லை. நீங்கள் படுத்தீர்கள் என்று எனக்குத் தெரியும், போனில் கேட்டு அழுதவன்தான். ஆனாலும் கழகத்தில் அந்த ஒலிப்பதிவைப் போடும்போது ஒரு தரமாவது சீதேவியின் நினைவு வந்ததா? வரவில்லை. வெள்ளைக்காரர் கை தட்டுவார்கள், நான் பெருமையாக நிற்பேன். நேற்றுக் கழகத்துக்குப் போனேன். காரை விட்டு இறங்காமல் திரும்பி வந்துவிட்டேன்.

நீ மைக்கில் சொன்னதைப் பற்றி நான் என்ன சொல்ல? அம்மா இருந்திருந்தால் உன் வாயில் அடித்திருப்பா. அடித்துவிட்டு அவவே அழுதிருப்பா.

ஒன்று கேட்கிறேன், உண்மையைச் சொல். நீ அனுப்பிய படத்தில் வால் கம்பி கொழுவினபடியே இருக்கிறது. வெயிலுக்கு ட்ரிம் அவ்வளவு மாறாது. கை எடுத்தாலும் நேரே போனது என்று மார்ச்சில் நீயே எழுதினாய். அப்படிப்பட்ட விமானம் மூக்கைக் குத்திக்கொண்டு பாய்வதற்கு ஒரே வழிதான் உண்டு. யாராவது ஸ்டிக்கை முன்னுக்குத் தள்ளவேண்டும்.

ரிமோட் உன் கையில்தானே இருந்தது?

அண்ணன்


பனிச்சங்கேணி
27.07.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீங்கள் கேட்டதற்கு ஒரு மாதமாகப் பதில் எழுதி எழுதிக் கிழித்தேன். நீல அடையாளத்தைப் பார்த்துப் பார்த்து நீங்கள் இருந்திருப்பீர்கள். மன்னியுங்கள்.

ஓம், ரிமோட் என் கையில்தான் இருந்தது.

மேனுகா சத்தத்தைப் போட்டதும் நான் குந்திவிட்டேன். வீட்டில் மெதுவாகப் போட்டுப் பார்த்தபோது ஒன்றும் நடக்கவில்லை. நாலு பக்கத்தாலும் வந்தபோது எனக்கு மைதானம் தெரியவில்லை, சனம் தெரியவில்லை. தலையைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு குனிந்தேன். ரிமோட்டை வயிற்றோடு அமத்திப் பிடித்தேன், பெருவிரல் ஸ்டிக்கை முன்னுக்குத் தள்ளிவிட்டது. உங்கள் பிளேனில் ஒரு பிழையும் இல்லை. நான் பதுங்கினேன், அது பிள்ளைகளின் பக்கம் பாய்ந்தது. அக்கா பயந்தது சும்மா சத்தத்துக்கு இல்லை. உண்மையாகவே ஒன்று வந்துகொண்டிருந்தது.

அரைவாசி குந்தின நிலையில் நான் நிமிர்ந்து பார்த்தேன். எல்லோரும் அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நல்லவேளை, என்னை ஒருவரும் காணவில்லை என்று நினைத்தேன். அந்த நினைப்பு முடிய முதல் வாய் மைக்கில் பேசிவிட்டது. என்னைப் பார்க்காமல் அவவையே பார்த்துக்கொண்டிருக்கட்டும் என்றுதான் அதைச் சொன்னேன். சீ! எழுதும்போதே கை கூசுகிறது அண்ணா.

போன கிழமை மதுரனின் வீட்டுக்குப் போனேன், பழங்களோடு. அவனுடைய தாய் யார் தெரியுமா? அந்த நாளில் அக்காவிடம் படித்த சின்னப் பிள்ளைகளில் ஒன்று. கொழுக்குமொழுக்கென்று திரிந்தவள், பேர் யசோ. "ரீச்சரிட நெஞ்சுக்குக் கீழ கிடந்து உயிர் தப்பின ஆள் நான். எனக்கு அவவில என்ன கோவம்? என்ட புள்ளைட கை பொருந்திட்டு. நீங்க மைக்கில சொன்னத எப்பிடித் திருப்பி எடுக்கிற?" என்று கேட்டாள். பழங்களை வாங்கவில்லை. வாசலில் நின்று இன்னொன்றும் சொன்னாள். பாலர் பாடசாலையில் பிள்ளைகள் ஒரு விளையாட்டு விளையாடுகிறார்களாம். ஒருவன் கையை விரித்துப் பிளேன் மாதிரி ஓடிவர, ஒருத்தி குப்புற விழுந்து மண்ணில் நீந்த, மற்றதுகள் "முதலாம் இடம் ரீச்சர்!" என்று கத்திச் சிரிக்கிறதுகளாம். மே மாதம் அக்கா திரும்பப் போவதற்கென்று சீலை உடுத்து வேலிவரைக்கும் போயிருக்கிறா. அந்த விளையாட்டைக் கண்டுவிட்டுத் திரும்பிவிட்டாவாம்.

நான் அக்காவின் கதவடியில் போய் நின்றேன். உள்ளேயிருந்து குரல் வந்தது, "எனக்கிட்ட ஒண்டும் சொல்ல வேணாம். நீ குந்தினத நான் காணாத ஆளா?" என்று.

அப்படியானால் யாரிடம் சொல்லவேண்டுமென்று எனக்குத் தெரிகிறது. தெரிந்தும் கால் போகமாட்டேன் என்கிறது.

ரதீஸ்


பனிச்சங்கேணி
07.09.2025

அன்புள்ள அண்ணா,

தங்கச்சி சீதேவிப்பிள்ளை. இத்தனை மாதம் உங்களுக்கு ஒரு வரியும் எழுதாமல் விட்டதற்குக் கோவிக்க வேண்டாம். உங்களுக்குச் சாப்பாடு விழுங்க ஏலுமா? குளிருக்குக் கழுத்தை மூடிக்கொள்ளுங்கள்.

நீங்கள் சத்தம் அனுப்பியதை நினைத்து மறுகுவதாகத் தம்பி மேனுகாவிடம் சொல்லியிருக்கிறான். நீங்கள் மறுக வேண்டாம். எனக்கே என்னை விளங்கவில்லை, உங்களுக்கு எங்கே விளங்கும்? அது விளையாட்டுப் பிளேன் என்று எனக்குத் தெரியாதா? இறக்கை ஒட்டும்போது பிடித்தவள் நான், வட்டையில் நின்று எறிந்தவளும் நான். என் புத்திக்கு எல்லாம் தெரியும். உடம்புக்குத்தான் ஒருவரும் சொல்லவில்லை. சின்னவனின் கையை முறித்தேனே என்ற வெட்கம் எனக்கு. தம்பி என்னை வைத்துச் சிரிப்புக் காட்டிய வெட்கம் அதற்கு மேலே.

இப்போது நடந்ததைச் சொல்ல எழுதுகிறேன். நேற்று முன்தினம் பாலர் பாடசாலையில் தாய்மார் கூட்டம். புது ரீச்சர் எடுக்கிற விசயம் பேச. மதுரனின் தாய் வந்து என்னைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். போய் ஒரு மூலையில் இருந்தேன். பிள்ளைகள் முன்னுக்குப் பாயில் இருந்தார்கள். தம்பி வந்தான். யாரும் கூப்பிடவில்லை. பிள்ளைகளுக்கு முன்னே நின்றான். மைக் இல்லாமல் அவன் நாலு பேருக்கு முன் பேசி நான் கண்டதில்லை. முகம் வெளிறிப்போய்க் கிடந்தது.

"புள்ளையள், ரீச்சர் நீந்தல்ல" என்றான். "பிளேன் உங்கட பக்கம் விழ வந்தது. அத விழுத்தினது நான். சத்தத்துக்குப் பயந்து குனிஞ்சிட்டன். ரீச்சருக்கும் பயம்தான். ஆனா அவ மதுரன மூடிக் காப்பாத்தினா. நான் என்னை மட்டும் பாத்தன். அத ஆரும் காணக் கூடாதெண்டு அவவப் பாத்துச் சிரிக்க வச்சன்."

ஒரு பெண்பிள்ளை எழும்பி, "நீங்க பெரிய ஆள்தானே, உங்களுக்கும் பயமா?" என்று கேட்டது. "ஓம் மகள், சரியான பயம்" என்றான்.

அண்ணா, அவன் சொன்னது அவ்வளவும் வாய்க்குள்ளே. முன்னுக்கு இருந்த பிள்ளைகளுக்குத்தான் கேட்டது. பின்னால் நின்ற தாய்மார், "தம்பி, ஒண்டும் கேக்கல்ல, சத்தமாச் சொல்லுங்க" என்றார்கள். அவன் முதலிலிருந்து மறுபடியும் சொன்னான். குரல் உடைந்து, பாதியில் நின்று, திரும்பத் தொடங்கி. பிந்தி வந்த ரெண்டு பேர் வாசலில் நின்றுகொண்டு "என்னவாம், என்னவாம்?" என்று கேட்டார்கள். அவன் மூன்றாம் தரமும் வாயைத் திறந்தான். என்னால் பார்த்துக்கொண்டிருக்க ஏலவில்லை. எழும்பிப் போய் அவன் கையைப் பிடித்து, "காணும்டா, இரு" என்று பிள்ளைகளுக்கு நடுவே பாயில் இருத்திவிட்டு, வாசலில் நின்றவர்களுக்கு நடந்ததை நானே சொன்னேன்.

உங்கள் தங்கச்சி
சீதேவி